கார்டுக்குள்ள மாட்டிக்கிட்ட காளை

போன சித்திரையில கண்ணபுரம் மாரியம்மன் தேருக்குக் கூடுற மாட்டுத்தாவணிக்கு, தோள்ல ஒரு கேமராவை மாட்டிக்கிட்டுப் போனேன். மாடு வாங்கவும் போகலை, விக்கவும் போகலை. வெள்ளகோவில் சுத்துவட்டாரத்துல இன்னும் பூச்சிக்காளை வெச்சிருக்கிற பட்டிகளைப் படத்தோட பதிவு பண்ணி வைக்கணும்னு எங்க குழுவுல பேசியிருந்தோம். (பொலிகாளையைத்தான் எங்க பக்கம் பூச்சிக்காளைன்னு சொல்றது.) 2002ஆம் வருசத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிக்கு ஊராட்சி மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைக்கணும். அதுல எழுதப்போற காங்கயம் மாட்டுக்கு எங்க கையாலேயே எடுத்த படம் இருந்தா நல்லதுதானேன்னு ஒரு எண்ணம்.

கேமரா என் அக்கா மகனோடது. கல்யாணத்துக்குப் படம் எடுக்கிற பையன். "மாமா, ரா-வுல வெச்சிருக்கேன், அதை மட்டும் மாத்திடாதீங்க"ன்னு சொல்லித்தான் கொடுத்தான்.

பொழுது சாயற நேரத்துல ஒரு பெரியவர் கூப்பிட்டார். கையில மயிலைக் காளை. "எட்டு வருசமா எங்க பட்டியில நின்னதுங்க. பசங்க ரெண்டு பேரும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க. கொறங்காட்டுல ஓட்டி மடக்க ஆளில்லீங்க. விலை பேசியாச்சு. போறதுக்குள்ள ஒரு படம் எடுத்துக் குடுங்க சாமி"ன்னார். மூணு எடுத்தேன். முதல்ல ரெண்டுலயும் காளை தலையை ஆட்டிடுச்சு. மூணாவதுல கயித்தைப் பிடிச்சுக்கிட்டு அவரும், நிமிர்ந்து நின்ன காளையும் அப்படியே அமைஞ்சது. பேட்டரி அடையாளம் மினுக்கிக்கிட்டு இருந்ததால, அமுக்கின கையோட மூடியைத் திறந்து பேட்டரியை உருவினேன். பின்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்ததை நான் கவனிக்கலை. படத்தைக் கார்டுல எழுதிக்கிட்டு இருக்கேன், திறக்காதேன்னு சொல்ற விளக்கு அது.

ராத்திரி வீட்டுக்கு வந்து கேமராவைக் கம்ப்யூட்டர்ல கேபிள் போட்டு மாட்டினா ஒண்ணுமே வரலை. கார்டைக் கழட்டி ரீடர்ல போட்டா, 'இதைப் பார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யலாமா?'ன்னு கேட்குது. மறுநாள் டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். "பார்மட் போட்டா சரியாயிடுங்க, கார்டு நல்ல கார்டுதான்"னு அந்தத் தம்பி சுட்டியை 'ஆமாம்' மேல கொண்டு போயிட்டார். கார்டு சரியாயிடும், காளை? வெடுக்குன்னு கார்டைப் பிடுங்கிக்கிட்டு வந்துட்டேன்.

இந்த வம்பெல்லாம் எதுக்கு, செல்போன்ல எடுத்தாப் போதாதான்னு கேட்பீங்க. பெரும்பாலான வேலைக்குப் போதும். காங்கயம் மாட்டுக்குத்தான் போதலை. காரணம் நிறம். கன்னு பிறக்கும்போது செம்மையா இருக்கும், சில மாசத்துல சாம்பலுக்கு மாறும். காளைக்குத் திமில், முன்னங்கால் சப்பை, பின்பக்கம் எல்லாம் கருமை ஏறும். காயடிச்சா அந்தக் கருமை வெளுத்துடும். மயிலை, பிள்ளை, செவலை, காரின்னு நாம பிரிச்சுச் சொல்றதெல்லாம் இந்த நிறத்தை வெச்சுத்தான். சித்திரை வெயில்ல ஒரு பிள்ளை மாட்டைச் சாதாரணமா எடுத்துப் பாருங்க, முதுகு முழுக்க சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி வெளுத்துப் போயிருக்கும்.

சாதாரணப் படம்னா ஜேபெக். அதுல ஒரு நிறத்துக்கு வெளிச்சப் படி 256தான். ரா ஃபைல் 14 பிட் கேமராவுல 16,384 படி வரைக்கும் பிடிச்சு வைக்கும். கொஞ்சம் வெளுத்துப் போன முதுகைப் பிற்பாடு கம்ப்யூட்டர்ல இறக்கிக் கொண்டுவர முடியும். ஒரேயடியா எரிஞ்சு போனதை ராவாலயும் மீட்க முடியாது, அது வேற விசயம். நம்ம கணக்குல சொன்னா ரா நெல்லு, ஜேபெக் அரிசி. கேமராவே அரைச்சுத் தீட்டி, உமி தவிடெல்லாம் தள்ளிட்டுக் கொடுக்கிறது அரிசி. உடனே உலையில போடலாம், ஆனா திரும்ப விதைக்க முடியாது. நெல்லுக்கு இடம் அதிகம் வேணும். 24 மெகாபிக்சல் கேமராவுல ஒரு ரா படம் ஏறக்குறைய 25, 30 எம்.பி. வரும். 500 படம் எடுத்தா 14 ஜி.பி. போயிடும்.

இந்த நெல்லை வீடு கொண்டு வந்து சேர்க்கறதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறோம். நான் மாட்டினதுக்கு அப்புறம் அக்கா மகனோட உட்கார்ந்து ஒவ்வொண்ணா பார்த்தேன். பாதிக்குப் பாதி படம் கெட்டுப் போறதே இல்லை. நாமளா கெட்டுப் போச்சுன்னு நினைச்சுத்தான் கெடுக்கிறோம்.

எனக்கு முதல்ல கேமரா தெரியாம போனதுக்குக் காரணம் கேபிள். செல்போன் சார்ஜர் கூட வர்ற சில கேபிள்ல மின்சாரம் மட்டும்தான் போகும், தகவல் போகாது. பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். கேமராவைப் போட்டே வைக்கணும், தானா அணைஞ்சு போற அமைப்பு இருந்தா அதுவும் குறுக்கே நிக்கும். கேபிளை விட்டுட்டுக் கார்டு ரீடர்ல போடறதுதான் எனக்குச் சரியாப்பட்டுது. பாதியில கேமரா பேட்டரி தீர்ந்துடுமோங்கற பயம் இல்லை.

ரீடர்லயும் ஒரு சூட்சுமம் இருக்கு. 32 ஜி.பி. வரைக்கும் உள்ள கார்டு ஒரு வகை, அதுக்கு மேல 64, 128 எல்லாம் வேற வகை. பெரிய கார்டு எக்ஸ்ஃபேட்டுங்கற முறையில பதியும். பழைய ரீடருக்கும், பழைய எக்ஸ்.பி. கம்ப்யூட்டருக்கும் அது புரியாது. புரியலைன்னா என்ன சொல்லும்? அதே 'பார்மட் செய்யலாமா'தான். செத்த கார்டுக்கும் அதே கேள்வி, நல்லா இருக்கிற கார்டுக்கும் அதே கேள்வி. அதனால அந்தக் கேள்வி வந்தா 'வேண்டாம்'னு சொல்லிட்டு, வேற ரீடர்ல, வேற கம்ப்யூட்டர்ல ஒருக்கா போட்டுப் பாருங்க.

அடுத்தது, ஃபைல் எல்லாம் வந்துடும், படம் தெரியாது. வெறும் வெள்ளைக் காகிதம் மாதிரி ஒரு அடையாளம் நிக்கும். அக்கா மகனோட கூட்டாளி புதுக் கேமரா வாங்கி, முதல் கல்யாணத்தை எடுத்துட்டு வந்து, இதைப் பார்த்து அழாத குறை. கார்டு போலின்னு நினைச்சுட்டான். விசயம் என்னன்னா, நெல்லுக்கு ஒவ்வொரு கம்பெனியும் வேற வேற உமி போட்டு வெச்சிருக்கு. கேனான்னா சி.ஆர்.2, நிக்கான்னா என்.இ.எஃப்., சோனின்னா ஏ.ஆர்.டபிள்யூ. கேனான்லயே 2018ல சி.ஆர்.3ன்னு புதுசா ஒண்ணு வந்தது. அதுக்கு முந்தின மென்பொருள் எதுக்கும் அதைத் திறக்கத் தெரியாது. கேமரா புதுசு, மில்லு பழசு, அவ்வளவுதான்.

விண்டோஸ் 10, 11 இருக்கிறவங்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல 'ரா இமேஜ் எக்ஸ்டென்ஷன்'னு தேடினா இலவசமா கிடைக்கும், போட்டதும் நிறைய கேமராக்களோட படம் தெரிய ஆரம்பிக்கும். கேமரா கம்பெனியே தர்ற மென்பொருளும் இலவசம்தான்: கேனானுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்.எக்ஸ். ஸ்டுடியோ. பழைய லைட்ரூமையே விடமாட்டேன்னு இருக்கிறவங்களுக்கு, அடோபியோட டி.என்.ஜி. கன்வெர்ட்டர் ராவை டி.என்.ஜி.ன்னு ஒரு பொது வடிவத்துக்கு மாத்திக் கொடுக்கும். எனக்குப் பிடிச்சது டார்க்டேபிள். பல ஊர்க்காரங்க சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கலாம், யாரும் திருத்தலாம்னு விட்டிருக்கிற மென்பொருள். நாம விதையைக் கை மாத்திக்கிற மாதிரியேதான்னு வெச்சுக்கங்களேன். கத்துக்கறதுக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேணும்.

படம் உண்மையிலேயே அழியற இடம் ஒண்ணு இருக்கு, அதுல நான் அடிபட்டிருக்கேன். கேமரா படத்துக்கு 0001ல இருந்து 9999 வரைக்கும்தான் எண் போடும். அப்புறம் மறுபடி 0001. எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டிக்கிட்டே வந்தா, ஒரு நாள் கம்ப்யூட்டர் 'இதே பேர்ல ஏற்கனவே இருக்கு, மாத்தி வைக்கட்டுமா?'ன்னு கேட்கும். நான் 'ஆமாம்' போட்டேன். ரெண்டு வருசம் முன்னால ஒரு விதைத் திருவிழாவுல எடுத்த சோளக் கதிர் படங்க மேல, எங்க வீட்டு விசேசம் ஏறி உட்கார்ந்துடுச்சு. அந்தச் சோளத்துல ரெண்டு ரகத்தோட விதை இப்ப எங்ககிட்ட இல்லை, படமும் இல்லை. இப்பெல்லாம் ஒவ்வொரு தடவையும் தேதி, ஊர் பேர் போட்டுத் தனி ஃபோல்டர்.

தேதின்னதும் ஞாபகம் வருது. கேமராவை மாசக்கணக்குல பேட்டரி இல்லாம போட்டு வெச்சா கடிகாரம் பழைய வருசத்துக்குப் போயிடும். தேதி வாரியா அடுக்குற மென்பொருள் உங்க படத்தை எங்கேயோ பல வருசத்துக்கு முந்தின ஃபோல்டர்ல கொண்டு போய் வெச்சிருக்கும். இறங்கவே இல்லைன்னு கார்டை அழிக்கிறதுக்கு முன்னால அங்கேயும் தேடுங்க.

இனி நம்ம காளை. கார்டோட பக்கவாட்டுல ஒரு சின்னப் பூட்டு இருக்கும், அதைக் கீழ தள்ளிப் பூட்டினோம். பூட்டிட்டா கம்ப்யூட்டர் அதுல எதையும் எழுதாது. அப்புறம் போட்டோரெக்னு ஒரு மென்பொருள், டெஸ்ட்டிஸ்க் கூட சேர்ந்து வருது, இதுவும் காசில்லை. வெறும் எழுத்தாத்தான் திரையில ஓடும், பார்த்துப் பயந்துக்க வேண்டாம். கார்டுல எந்தப் படம் எங்க இருக்குங்கற பட்டியல் கெட்டுப் போனாலும், படம் அதே இடத்துலதான் கிடக்கும். அதை ஒவ்வொண்ணா அடையாளம் கண்டு எடுக்கிறதுதான் இதோட வேலை. எடுத்ததைக் கம்ப்யூட்டர்ல வைக்கச் சொல்லணும், அதே கார்டுல வைக்கக் கூடாது. அந்தக் கார்டுல புதுசா ஒரு படம்கூட எடுக்கக் கூடாது, பழசு மேல ஏறிடும்.

ராத்திரி சாப்பிட்டுட்டு ஓட விட்டோம், விடியறப்ப முடிஞ்சிருந்தது. பழைய பேரெல்லாம் போய், ஏதோ எண்ணா நின்னுச்சு. எடுத்தது 412, வந்தது 411. வராதது எதுன்னு சொல்லவே வேண்டாம்.

பையன் விடலை. கெட்ட ஃபைலையும் ஒதுக்காம எடுத்து வைன்னு போட்டோரெக்ல ஒரு வசதி இருக்காம். அதைப் போட்டு மறுபடி ஓட்டினான். வந்தது. காளையோட கொம்பு, பெரியவரோட தலைப்பாகை வரைக்கும் தெரிஞ்சுது. அதுக்குக் கீழ சாம்பல் பட்டை. பேட்டரியை உருவின நேரத்துல எழுத்து அங்க நின்னுடுச்சு.

"மாமா, ராவுக்குள்ளயே ஒரு ஜேபெக் ஒளிஞ்சிருக்கும்"னான். கேமராவோட பின்திரையில உடனே காட்டறதுக்காக, அரைச்ச அரிசி ஒரு பிடியை நெல்லு மூட்டைக்குள்ளயே போட்டு வைக்குமாம். பெரும்பாலும் அதை ஃபைலோட முன்பகுதியில எழுதியிருக்கும். எக்ஸிஃப்டூல்னு ஒண்ணை வெச்சு அதை மட்டும் உருவினான். திரையில முழுக் காளையும் வந்து நின்னுச்சு, நாலு காலோட.

இப்ப நான் படம் எடுக்கப் போனா, ராவோட ஜேபெக்கும் சேர்த்துப் பதியற மாதிரி வெச்சுக்கறேன். மாத்துப் பேட்டரி ஒண்ணு சட்டைப்பையில இருக்கும். சிவப்பு விளக்கு அணையற வரைக்கும் மூடியைத் தொடறதில்லை. வீட்டுக்கு வந்ததும் வெட்டி ஒட்டறதில்லை, நகல்தான் எடுப்பேன். கம்ப்யூட்டர்ல ஒண்ணு, தனி ஹார்டு டிஸ்க்ல ஒண்ணு. ரெண்டுலயும் பத்துப் பதினஞ்சு படத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்கறது, அதையும் கேமராவுல வெச்சே பார்மட் பண்றேன்.

பெரியவருக்கு அந்தப் படத்தைப் பெருசா அச்சுப் போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். வட்டமலைக்கரை அணைப் பக்கம் அவரோட ஊரு. கிளுவை வேலிக்குள்ள கொழுக்கட்டைப்புல்லு காஞ்சு நின்னுச்சு, வெள்வேல மரத்தடியில ரெண்டு எருமை மட்டும் படுத்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே ஒளிஞ்சிருந்தது ஜேபெக்தானே, சாயங்கால வெயில் பட்ட பக்கம் வெளுத்துத்தான் இருந்தது. இறக்கிக் கொண்டு வர்றதுக்கு வழியில்லை.

"நல்லா இருக்குதுங்க. திமில்ல கருப்பு இன்னுங் கொஞ்சம் சாஸ்தியா இருக்குமுங்க"ன்னார். பதிவேட்டுல அந்தப் படத்துக்குக் கீழ, அவர் சொன்ன மாதிரியே எழுதி வெச்சிருக்கேன்.