திருச்சிராப்பள்ளித் திருச்சபையும் சாதி வேற்றுமையும்

திருச்சபையில் மாந்தர் அனைவரும் ஒரு குலத்தவரே என்னும் கொள்கையை வெளிப்படையாக மறுத்தார் அரியர். அக்கொள்கை இருக்கை, நற்கருணைக் கிண்ணம், கல்லறை என்னும் மூன்றிடத்தும் நடைமுறைக்கு வருங்காலே பூசல் எழுந்தது. இவ்வுண்மையைத் திருச்சிராப்பள்ளி வரலாற்றின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

சுவார்ட்சு ஐயர் 1766-இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் கிறித்து ஆலயத்தை எழுப்பினார். அக்காலச் சீர்திருத்தச் சபைகளில் சாதியார் தனித்தனியே அமர்தல் பொறுத்துக்கொள்ளப்பட்டது. 1826-இல் இந்நகரில் மறைந்த ஈபர் பேராயர், சாதியை உலகியல் வேறுபாடாகக் கருதிப் பொறுமையுடன் அணுக விரும்பினார். தஞ்சை வேதநாயக சாத்திரியாரும் புதிய மிஷனெரிமார் சாதி வழக்கங்களை வலிந்து நீக்க முயன்றதை எதிர்த்து எழுதினார். பின்வந்த வில்சன் பேராயரோ, சாதி வேற்றுமை முற்றும் ஒழிதல் வேண்டுமென 1833-இல் சுற்றறிக்கை விடுத்தார்; 1835-இல் திருச்சிராப்பள்ளிக்கு நேரிலும் வந்தார். தஞ்சை முதலிய இடங்களில் பலர் சபையை விட்டு நீங்கினர்.

இவ்வாதம் முழுவதும் ‘உலக வழக்கு’ என்னும் ஒரு சொல்லைப் பற்றியே நின்றது. சாதி வெறும் உலக வழக்காயின், அது வழிபாட்டிடத்து இருக்கையையும் கிண்ணத்தையும் வரையறுப்பது ஏன் என்னும் வினாவுக்கு அதனைக் காத்தோர் தக்க விடை தந்திலர். அமெரிக்காவிலும் நிறவேற்றுமை வழிபாட்டிடத்துள் புகுந்தமையால், இரிச்சர்டு ஆலன் முதலியோர் 1816-இல் தனிச் சபை கண்டனர்.

ஆணையால் இருக்கையை மாற்றலாம். உள்ளத்தை மாற்றுதல் எளிதன்று. கத்தோலிக்கர்க்குரிய மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர், இந்நூற்றாண்டிலும் போராட்டத்திற்குக் காரணமாயிற்று. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, திருச்சபையுள் தீண்டாமை நிலவுதலை ஒப்புக்கொண்டது. குற்றத்தை ஒப்புதலே ஒப்புரவின் முதற்படி என்க.

காவிரிக்கு அப்பால் திருவரங்கத்தில் வழங்கும் திருப்பாணாழ்வார் வரலாறு ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. கரையில் நின்ற பாணரை உலோகசாரங்க முனிவர் தோள்மேல் சுமந்து கோயிலுட் புகுந்தார் என்பர். ஆழ்வார் ஒருவரைத் தோளில் ஏற்றிய மரபு, அவர் குலத்தார் அனைவர்க்கும் வாயிலைத் திறந்துவிடவில்லை. 1939-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டமும் அதன் பின் வந்தவையும் வேண்டியிருந்தன. ஒருவரைப் போற்றுதல் வேறு. யாவர்க்கும் இடமளித்தல் வேறு. சபையாயினும் கோயிலாயினும் ஒப்புரவை அளக்கும் கோல் இரண்டாவதே என்பது நம் துணிபு.