உவர்நிலத்தின் ஓரத்தில் ஓர் இரவு

மலேசியா செல்லும் நம் குடும்பத்தினர் பெரும்பாலும் கோலாலம்பூர்க் கடைத்தெருக்களையும் பினாங்கு உறவினர் வீடுகளையும் பார்த்துவிட்டு, பெட்டியை நிரப்பிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகின்றனர். நானும் அவ்வாறு திரும்பியிருக்க வேண்டியவனே. 2019ஆம் ஆண்டு ஜூலையில், பன்னிரண்டு வயது மகனுடன் மச்சான் வீட்டில் தங்கியிருந்தபோது, "பையனுக்குக் காட்டைக் காட்டாமலா கூட்டிப்போகிறீர்கள், மச்சான்?" என்று அவர் குறைபட்டுக்கொண்டார். மறுநாளே மூவரும் முதுகுப் பைகளுடன் புறப்பட்டோம்.

பஹாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது தமான் நெகாரா. இப்பெயருக்குத் தேசியப் பூங்கா என்பதே பொருள். ஆங்கிலேயர் காலத்தில், 1930களின் இறுதியில், மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் காக்கப்பட்ட வனம் இது. ஜெராந்துட் நகரைக் கடந்து கோலா தஹானை அடைந்தால், ஆற்றின் இக்கரையில் கிராமம், அக்கரையில் காடு. ஆற்றில் மிதக்கும் உணவகங்களை நடத்துவோர் மலாய் முஸ்லிம்கள். உணவைப் பற்றிய கவலை உங்களுக்கு வேண்டியதில்லை.

நாங்கள் தங்கியது விடுதியில் அன்று. 'பும்புன்' என்னும் மரக்குடிலில். உயர்ந்த கால்களின் மேல் நிற்கும் பலகை வீடு அது. மெத்தையில்லாத மரப்படுக்கைகள், மின்சாரம் கிடையாது. ஒரு சுவரில் மட்டும் நீண்ட திறப்பு. அதன் எதிரே, மரங்களற்ற வெளியில் உவர்நிலம். மலாய் மொழியில் 'ஜெனுத்' என்பர். இலை தழைகளில் உப்புச்சத்து மிகக் குறைவாதலால், தாவர உண்ணிகள் இத்தகைய மண்ணைத் தேடி இரவில் வருகின்றன. அவை வரும்வரை வாய்மூடிக் காத்திருப்பதே விருந்தாளியின் வேலை.

காடு என்றதும் புலியை நினைக்கிறோம். 2022இல் அறிவிக்கப்பட்ட கணக்கின்படி, மலாயாத் தீபகற்பம் முழுவதிலும் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவு. எவரேனும் உங்களுக்குப் புலி காட்டுவதாகக் கூறினால் நம்பாதீர்கள். நாங்கள் எதிர்பார்த்தது டாபிரை. குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் உறவான, குட்டையான துதிக்கை போன்ற மூக்குடைய விலங்கு அது. முன்புறமும் கால்களும் கறுப்பு. நடுவுடல் மட்டும் வெள்ளைப் போர்வை போர்த்தியது போலிருக்கும். நிலவொளியில் பார்ப்பவருக்கு அது பாறையா விலங்கா என்று விளங்காது.

படகில் ஆற்றின் மேற்புறம் சென்று, பின்னர் நடந்து, 'கும்பாங்' என்னும் குடிலை மாலையில் அடைந்தோம். திசைகாட்டியை வைத்து, மேற்கிலிருந்து சற்று வடக்காகக் கிப்லாவைக் கணித்து, பலகைத் தரையில் மஃரிபையும் இஷாவையும் ஜம்உ செய்து தொழுதோம். குடிலில் எங்களுடன் ஐரோப்பிய இளைஞர் நால்வரும், வழிகாட்டியாக வந்த மலாய் இளைஞர் ஒருவரும் இருந்தனர். உணவுப் பைகளைக் கயிற்றில் உயரக் கட்டச் சொன்னார் அவர். எலிகள் பையையே கடித்துத் துளைத்துவிடுமாம். நான் அலட்சியமாகக் கால்மாட்டில் வைத்த ரொட்டி காலையில் பாதிதான் மிஞ்சியிருந்தது.

இரவை ஆளுக்கொரு முறையாகப் பங்கிட்டுக்கொண்டோம். இரண்டு மணிக்கு மகனின் முறை. முன்னிரவில் தூறிய மழை நின்று நிலவு வந்திருந்தது. நானும் அவனுடன் விழித்திருப்பதாகச் சொன்னேன். சொன்ன சிறிது நேரத்தில் உறங்கிவிட்டேன்.

விடிந்ததும் அவன் என் காதருகே, "அத்தா, டாபிர் வந்தது" என்றான்.

"ஏன் எழுப்பவில்லை?"

"எழுந்தால் பலகை கிறீச்சிடும். அது ஓடிவிடும்."

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தனர். எனக்கோ, காணாமற்போன ஏமாற்றம். "கனவு கண்டிருப்பாய்" என்று சிரித்தேன். மற்றவர்களும் சிரித்தனர். அவன் ஒன்றும் பேசாமல் பையைக் கட்டத் தொடங்கினான். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். வகுப்பறையில் பிறர் பிள்ளைகளிடம் காட்டும் பொறுமையை நாம் ஏனோ வீட்டுப் பிள்ளையிடம் காட்டுவதில்லை.

திரும்புகையில் படகு இல்லை. 11 கிலோமீட்டர் நடை. குடிலிலிருந்து சிறிது தொலைவில், ஓடையோரச் சேற்றில் வழிகாட்டி நின்றார். புதிதாகப் பதிந்த சுவடுகள். முன்காலில் நான்கு விரல்கள், அவற்றில் ஒன்று சிறியது, பின்காலில் மூன்று. "டாபிர். நேற்றிரவு, மழைக்குப் பிறகு" என்றார்.

மகன் குந்தி அமர்ந்து, தன் உள்ளங்கையைச் சுவட்டின் மேல் வைத்து அளந்து பார்த்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னை மன்னித்துவிடு, வாப்பா" என்றேன். "முதலிலிருந்து சொல். எந்தப் பக்கமிருந்து வந்தது?"

இடப்புறப் புதரிலிருந்து என்றான். முதலில் காதுகளின் வெள்ளை ஓரங்கள்தாம் தெரிந்தன என்றான். காலுறையில் ஏறிய அட்டைகளைத் தட்டிவிட்டவாறே, ஆற்றங்கரை தெரியும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.