புதரில் ஒன்று, கரட்டில் ஒன்று

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் காட்டுச் சாலையில் முள்ளுப்புதருக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு குரல் வெடித்துக் கிளம்பும், சட்டென்று அடங்கிவிடும். எவ்வளவு தேடினாலும் பறவை எளிதில் கண்ணில் படாது. அதுதான் வெண்புருவச் சின்னான்.

அந்த வட்டாரத்து மலைகளில் அதற்கு ஒரு பங்காளி உண்டு: மஞ்சள் தொண்டைச் சின்னான். இரண்டும் நம் வீட்டுத் தோட்டத்துக் கொண்டைக்குருவிக்கு உறவு, கொண்டைதான் இல்லை. இரண்டும் ஏறக்குறைய 20 செ.மீ. நீளம், முதுகு மங்கிய பச்சை, வாலடியில் மஞ்சள். அந்த வாலடி மஞ்சளைப் பார்த்ததுமே அபூர்வமான மஞ்சள் தொண்டை கிடைத்துவிட்டதென்று துள்ளுபவர்கள் ஏமாந்துபோவார்கள். பார்க்க வேண்டியது முகத்தை. கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவமும் கண்ணையொட்டிக் கருங்கோடும் இருந்தால் முதலாவது. முகத்தில் கோடே இல்லாமல், தலை மஞ்சள் கலந்த பச்சையாகவும் தொண்டை பளிச்சென்ற மஞ்சளாகவும் மார்பு சாம்பலாகவும் இருந்தால் இரண்டாவது.

நிறத்தைவிட நிற்கும் இடம் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். வெண்புருவத்துக்குப் புதர் இருந்தால் போதும். ஏரிக்கரை, வேலியோரம், ஊர்த் தோட்டம் எதுவானாலும் சரி. இலங்கையிலும் வாழ்கிறது. மஞ்சள் தொண்டையோ தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இங்கேயும் பெரும்பாறைகள் குவிந்து, இடையிடையே புதரும் அத்தி வகை மரங்களும் முளைத்த கரடுகளை விட்டு அது அதிகம் விலகாது. இந்த வட்டாரத்து மேலகிரி மலைகள் அதற்கேற்ற இடம்.

கரட்டை விட்டு விலகாத இந்தப் பிடிவாதம்தான் மஞ்சள் தொண்டைக்கு வினை. இந்த வட்டாரத்துக் கரடு கிரானைட்காரர்களுக்கும் வேண்டியிருக்கிறது. வெட்டிய புதர் அடுத்த மழையில் தழைத்துவிடும். குவாரி தின்ற கரடு திரும்புவதில்லை. அழிந்துவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டுச் செம்பட்டியலில் மஞ்சள் தொண்டை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனம். வெண்புருவத்துக்கு அந்தக் கவலை இல்லை. 2022இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கி.மீ. பரப்பு காவிரி தெற்கு வனஉயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது நல்ல செய்திதான். ஆனால் அந்த எல்லைக்கு வெளியே நிற்கும் கரடுகளை யார் பார்ப்பது?

அடுத்த முறை ஒகேனக்கலில் எண்ணெய்க் குளியலும் மீன் வறுவலும் முடிந்தபின், பாறைச் சரிவுகளையும் ஒரு பார்வை பாருங்கள். மஞ்சள் தொண்டை தென்பட்டால் இடத்தையும் தேதியையும் குறித்து பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் தளத்தில் பதியுங்கள். படத்துக்காகக் கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு மட்டும் கூப்பிடாதீர்கள்.