வெள்ளமும் தேசப்படமும்

பெரும்போக நெற்செய்கைக்கு வேண்டிய மழையைத் தருவதும், சில வேளைகளில் அப்பயிரை அழிப்பதும் ஒரே வடகீழ்ப் பருவக்காற்றேயாகும். பயிர் இளமையாக நிற்கும்பொழுதே மார்கழி வெள்ளம் வயலுக்குள் புகுவதை வட மாகாணத்திலும் கீழ் மாகாணத்திலும் உள்ள கமக்காரர் நன்கறிவர். வெள்ளத்தைத் தடுத்து நிறுத்த நம்மால் இயலாது. எனினும் அது எவ்வழியாக வரும், எவ்விடத்தில் தேங்கும், எப்பாதையை முதலில் மூடும் என்பவற்றை முன்னரே அறிந்துகொள்ளலாம். இவ்வறிவை எல்லார்க்கும் பொதுவாக்குவது தேசப்படமாகும்.

தேசப்படம் காட்டுவது யாது?

1800 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நில அளவைத் திணைக்களம் வெளியிடும் 1:50,000 அளவுத்திட்டப் படத்தில், ஒரு சதமமீற்றர் நீளம் நிலத்தில் 500 மீற்றரைக் குறிக்கும். ஆறு, குளம், வீதி, வயல் ஆகியன அதில் வரையப்பட்டுள்ளன. ஒரே உயரமுள்ள இடங்களைச் சமவுயரக் கோடுகள் இணைக்கின்றன. இக்கோடுகள் நெருங்கியிருப்பின் நிலம் செங்குத்தானது, விலகியிருப்பின் சமதரையானது. நீர் உயர்ந்த கோட்டிலிருந்து தாழ்ந்த கோட்டை நோக்கியே ஓடும்.

இக்காலத்தில் இத்தகைய படங்களைக் கணினியில் ஒன்றின்மேலொன்றாக அடுக்கி ஆராய்கின்றனர். இதனைப் புவியியல் தகவல் முறைமை என்பர். ஆறுகளை ஒரு கண்ணாடித் தாளிலும், வீதிகளை இன்னொன்றிலும், வீடுகளையும் பாடசாலைகளையும் மற்றொன்றிலும் வரைந்து, அவற்றை ஒன்றாக வைத்துப் பார்ப்பதை ஒப்பது இது. வெள்ளப் பரப்பைக் காட்டும் தாளையும் மேலே வைத்தால், எத்தனை வீடுகள் சூழப்படும், எப்பாதை துண்டிக்கப்படும், படகு எங்கே அனுப்பப்படல் வேண்டும் என்பன உடனே புலனாகும்.

முகிலுக்கு மேலிருந்து பார்த்தல்

வெள்ள காலத்தில் வானம் முகிலால் மூடப்பட்டிருப்பதால், சாதாரண ஒளிப்படம் எடுக்கும் செய்மதிக்கு நிலம் தெரியாது. ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2014 ஆம் ஆண்டு முதல் ஏவிவரும் சென்ரினல்-1 வகைச் செய்மதிகள் ரேடார் அலைகளைப் பயன்படுத்துகின்றன. இவ்வலைகள் முகிலை ஊடுருவுவன, இரவிலும் தொழிற்படுவன. அமைதியான நீர்ப்பரப்பு அவ்வலைகளை வேறு திசைக்குத் தெறிக்கச் செய்வதால், நீருள்ள இடம் படத்தில் கறுப்பாகத் தோன்றும். வெள்ளத்திற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, புதிதாகக் கறுத்த இடங்களை வெள்ளப்பரப்பு எனக் கணிக்கின்றனர்.

இம்முறையிலும் குறைகள் உள. செய்மதி ஓரிடத்தின் மேல் சில நாட்களுக்கு ஒருமுறையே செல்லும். அதற்கிடையில் வெள்ளம் வந்து வடிந்துவிடலாம். சேற்றுழவு செய்து நீர் கட்டிய வயலும் வெள்ளம் போலத் தோன்றும். மாறாக, உயர்ந்து வளர்ந்த நெற்பயிர் தன் அடியில் நிற்கும் வெள்ளத்தை மறைத்துவிடும். ஆகவே, செய்மதிப் படத்தில் உங்கள் வயல் விடுபட்டிருத்தல் கூடும். வயலில் நின்று பார்ப்பவரின் சாட்சி இன்றியமையாதது.

கிளிநொச்சியிற் கண்டது

2018 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21 ஆம் திகதி இரவு பெய்த பெருமழையால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருவெள்ளம் ஏற்பட்டது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கனகராயன் ஆறு வழியாகப் பாய்ந்த நீர், சுண்டிக்குளக் கடனீரேரியை நோக்கிச் செல்லும் தாழ்நிலமாகிய கண்டாவளைப் பகுதியைப் பெரிதும் பாதித்தது. குளம் நிரம்பியபின் கதவைத் திறவாதிருந்தால் கட்டுக்கே ஆபத்து. திறந்தால் கீழுள்ள வயலுக்கும் வீட்டுக்கும் ஆபத்து. இந்நிலையில் கீழுள்ளவர்க்குப் பயன்படுவது ஒன்றே: நீர் வருமுன் எத்திசையிற் செல்வது என்ற தெளிவு. இருளில், நீர் முழங்காலளவு வந்தபின் அதனைத் தேடுதல் இயலாது.

மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளர்க்கு

மலைச்சரிவுகளில் வெள்ளத்திலும் கொடியது மண்சரிவு. 2016 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து குடியிருப்புக்களை மூடியது. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போதும் மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்து பெருந்தொகையானோர் மாண்டனர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள இடங்களைப் படமாக வரைந்துள்ளது. உங்கள் தோட்டமும் வீடும் அப்படத்தில் எவ்வலயத்தில் உள்ளன என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்தறிக.

மழையை நீங்களே அளத்தலும் கூடும். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான தகரப்பேணி ஒன்றை, மரநிழல் இல்லாத வெளியில் வைத்து, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்தபின் வெறுமையாக்குக. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்து நீடிக்குமாயின் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றரைக் கடந்தால், சரிவு அபாயமுள்ள இடத்தில் தங்கியிருத்தல் ஆகாது.

கிராமப் படம் வரையும் முறை

அச்சிட்ட படம் வயலுக்கு வயல் உள்ள சில அடி உயர வேற்றுமையைக் காட்டமாட்டாது. வெள்ளத்தின் போக்கையோ அவ்வேற்றுமையே தீர்மானிக்கின்றது. அதனை அறிந்தவர் கிராமத்து மூத்த கமக்காரர். அவர்கள் மனத்திலுள்ள படத்தைத் தாளில் இறக்குதலே கமக்காரர் அமைப்பின் கடமை. பெரும்போகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திற்கு முன் பின்வருமாறு செய்க:

1. குளம், துருசு, வான், வாய்க்கால், வடிகால், மதகு ஆகியவற்றை நடந்து பார்த்து வரைக. குளக்கட்டில் நலிந்த இடங்களைத் தனியே குறிக்க.

2. முந்திய வெள்ளங்களில் நீர் ஏறிய உயரத்தைச் சுவரிலும் மரத்திலும் உள்ள அடையாளங்களால் அறிந்து, ஆண்டுடன் பதிக.

3. முதலில் மூழ்கும் பாதையைச் சிவப்பு நிறத்தாலும், மேட்டுநிலத்திற்குச் செல்லும் பாதையைப் பச்சை நிறத்தாலும் காட்டுக.

4. முதியோர், நோயாளர், கர்ப்பிணிகள் உள்ள வீடுகளையும், மாட்டுப்பட்டிகளையும், விதைநெல் வைத்திருக்கும் இடங்களையும் குறிக்க.

5. முக்கியமான இடங்களின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கையடக்கத் தொலைபேசியிலிருந்து எடுத்து எழுதுக. தசமத்தின் பின் நான்கு இலக்கங்கள் வேண்டும். நான்காம் இலக்கத்தில் ஒன்று கூடினால் நிலத்தில் ஏறத்தாழ 11 மீற்றர் வித்தியாசமாகும்.

6. ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடமும், இன்னொன்றைக் கமநல சேவை நிலையத்திலும் கொடுத்து, மூன்றாவதைப் பொதுவிடத்தில் தொங்கவிடுக. வெள்ளத்தில் மின்சாரமும் தொலைபேசியும் தடைப்படலாம். தாள் அப்போதும் உதவும்.

தம் காணி தாழ்ந்தது எனப் படத்தில் வந்தால் அதன் மதிப்புக் குறையும் என அஞ்சி, சிலர் நீர் ஏறிய இடத்தை மறைக்க முயல்வர். இது பெருந்தவறு. மறைத்த இடத்திற்கு உதவியும் வராது. அவ்வாறே, தன் வயலைக் காக்க இரவில் வரம்பை வெட்டி நீரை அயலவன் வயலுக்கு விடுதலும் பகைக்கு வித்தாகும். எங்கே, எப்பொழுது வெட்டலாம் என்பதைப் படத்தை முன்வைத்துப் பகலில் கூடிப் பேசித் தீர்மானித்துக்கொள்க.

வெள்ளம் வடிந்தபின்

மிளகாய், தக்காளி, வெங்காயம் ஆகியன வேரில் நீர் தேங்கினால் ஓரிரு நாட்களிலேயே கேடுறும். நெல் சில நாட்கள் மூழ்கியும் தப்பக்கூடும். ஆகவே, எவ்வடிகாலை முதலில் திறப்பது, நீரிறைக்கும் இயந்திரத்தை முதலில் எங்கே கொண்டுசெல்வது என்பவற்றைப் படத்தைப் பார்த்து முடிவுசெய்க. அழிந்த வயலைத் திகதியுடன் ஒளிப்படம் எடுத்து, இடத்தையும் ஏக்கரளவையும் எழுதி, தாமதமின்றிக் கமநல சேவை நிலையத்திற்கு அறிவிக்க. மறுபடியும் விதைப்பதற்கு முன்னரே இதனைச் செய்தல் வேண்டும். ஏனெனில் உழுத நிலத்தில் அழிவின் அடையாளம் எஞ்சாது.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117 ஆகும். இதனையும் படத்தின் மூலையில் பெரிதாக எழுதுக. வரம்பு கட்டுவதும் வாய்க்கால் துப்புரவாக்குவதும் போலவே, ஆண்டுதோறும் மழைக்குமுன் இப்படத்தைத் திருத்துவதும் கமத்தொழிலின் ஒரு பகுதியெனக் கொள்க. பயிர் அழிந்தால் மறுபோகத்தில் விதைக்கலாம். உயிர் போனால் மீளாது.