உங்களுக்குத் தெரியுமா? நீராவி இன்ஜினுக்கு முதல் சோதனை பச்சைத் தண்ணீரில்!

வீட்டுப் பட்டறையில் செய்த குட்டி நீராவி ரயில் இன்ஜினின் புதுக் கொதிகலனை முதலில் நெருப்பில் ஏற்றுவதில்லை. குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, ஓட்டப்போகும் அழுத்தத்தைப்போல் 2 மடங்கு ஏற்றிப் பார்க்கிறார்கள்.

• தண்ணீர் கிட்டத்தட்ட அமுங்கவே அமுங்காது. இணைப்பு விட்டுப்போனால் ஒரு பீச்சல், அழுத்தம் அந்த நொடியே இறங்கிவிடும். காற்றோ நீராவியோ என்றால் விரிந்து வெடிக்கும். ஆகவே உள்ளே ஒரு குமிழிகூட மிஞ்சாமல் காற்றை வெளியேற்றிவிட்டே பம்ப் அடிக்க வேண்டும். இதில் அவசரம் கூடவே கூடாது.

• செப்புக் கொதிகலனுக்கு வெள்ளி கலந்த பற்றாசுதான் சரி. உருக 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். நம் தட்டார் பொடி வைத்து ஊதும் அதே கலை! ரேடியோவுக்கு வைக்கும் ஈயப் பற்றாசு 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நீராவியின் சூடோ 160ஐத் தாண்டும்; இடைவெளி மிகக் குறைவு.

• பல சிறு இன்ஜின்களில் சிலிண்டருக்கு எண்ணெய் தர பம்ப்பே கிடையாது. எண்ணெய்க் குப்பிக்குள் புகும் நீராவி குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். மேலே மிதக்கும் எண்ணெய் வெளியே தள்ளப்படும். ஓட்டி முடித்ததும் அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள்.