குளிர்காயும் நெருப்பும் தணல் சட்டியும்



மார்கழி, தை வந்தால் நுவரெலியாப் பக்கம் இராக் குளிர் எலும்பைத் தொடும். லயத்து முற்றத்தில் நெருப்பு மூட்டிக் குளிர்காயாத வீடு குறைவு. மூட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உயரத்தில் நெருப்பின் குணம் வேறு.

நான் மட்டக்களப்பு அமிர்தகழிக்காரன். எங்கள் வாவிக்கரையில் காய்ந்த பொச்சுக்கு ஒரு குச்சி கிழித்தால் போதும், பற்றிக்கொள்ளும். அது கடல் மட்டத்து ஊர். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரம். இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான்; ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. விறகும் பனியில் நனைந்திருக்கும். நெருப்பு சோம்பலாய்ப் பிடிக்கும், புகை கூடும். தண்ணீர் 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகவும் சுணங்கும். உடனே மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தூக்குகிறோம். எரிகிற நெருப்பில் ஊற்றினால் சுவாலை போத்தல் வரை ஏறும். நைலோன் சேலை உருகி உடம்போடு ஒட்டும். அதைவிட, நாலு கட்டு மிலாறை மழை படாமல் காயவைத்து எடுத்து வைப்பது சுகம்.

காற்றையும் பாருங்கள். மலைச்சரிவில் பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேலே வீசும். இராவில் அநேகமாக மேலிருந்து கீழே இறங்கும். அதனால் இராவில் லயத்துக்கு மேட்டுப் பக்கம் நெருப்பு வேண்டாம். பொறி கூரைக்கு வரும். ஒரு காம்பராவில் பிடித்தால் லயம் முழுக்கப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சருகையும் மானாப் புல்லையும் வெறும் மண் தெரியும்வரை செதுக்குங்கள். ஓடைக் கல்லை அடுக்க வேண்டாம். உள்ளே ஈரமிருந்தால் சூட்டில் வெடிக்கும். எழும்பும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சருகு மண்ணுக்குள் கனல் ஒளிந்திருக்கும்.

சிவனொளிபாதமலைக் காட்டிலும் ஹோட்டன் சமவெளியிலும் இதெல்லாம் செல்லாது. வனசீவராசிகள் திணைக்களத்தின் காடு அது. நெருப்பு வைத்தால் குற்றம். கம்பளி கொண்டு போங்கள், வழிக் கடையில் தேத்தண்ணி குடியுங்கள்.

எனக்குப் பெரிய பயம் தணல் சட்டிதான். முற்றத்து நெருப்பு அடங்கியதும் தணலைச் சட்டியில் அள்ளிக் காம்பராவுக்குள் வைத்து, கதவைச் சாத்தி, ஜன்னல் இடுக்கில் துணியும் அடைத்துப் படுக்கிறார்கள். பிள்ளை பெற்ற வீடு என்றால் பாட்டிமார் கேட்டே வாங்குவார்கள். புகை இல்லையே, என்ன ஆபத்து என்பார்கள். தணலிலிருந்து காபனோரொட்சைட்டு என்ற வாயு வருகிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாய் ஒட்டிக்கொள்ளும். தலையிடி, சத்தி, சோர்வு வரும்; தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. கைக்குழந்தைக்கு இன்னும் சீக்கிரம் ஏறும்.

சுடுதண்ணீரைப் போத்தலில் அடைத்து, துணி சுற்றி, தாயின் கால்மாட்டில் வையுங்கள். குழந்தையின் தோலில் படக்கூடாது. சட்டி வாசலுக்கு வெளியே இருக்கட்டும்.

தணல் வைத்த அறையில் யாராவது எழுப்பியும் எழும்பாவிட்டால், முதலில் கதவைத் திறந்து ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்குங்கள். நீங்களும் உள்ளே நின்று மினக்கெடாதீர்கள். பிறகு 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அடியுங்கள், காசு இல்லை. வைத்தியரிடம் "தணல் வைத்திருந்தோம்" என்று மறைக்காமல் சொல்லுங்கள், ஒட்சிசன் கொடுக்க அவருக்கு அது தெரிய வேணும்.