பாட்டிலுக்குள் முளைத்த சந்தனம்

நம்ம ஆய்வக ஜன்னலோரத் தொட்டியில் மஞ்சளாய் நிற்கிற செடி என்னதுன்னு பல பேர் கேட்டீங்க. அது சந்தனம். மண்ணில் முளைத்ததல்ல, ஹார்லிக்ஸ் பாட்டிலில் முளைத்தது!

மலையடிவாரத்தில் எங்க மாமாவின் எலுமிச்சைத் தோட்ட வேலியில் ஒரு சந்தன மரம் நிற்கிறது. அதன் விதைக்கு ஓடு கெட்டி. புது விதை இரண்டு மாதம் போல உறங்கும். மண்ணில் போட்டால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்றுதான் முளைக்கும். ஆய்வகங்களில் ஓட்டை நீக்கி, பருப்பைக் கிருமி நீக்கி, கண்ணாடிக் குழாயில் வளர்க்கிறார்கள். 1979-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சந்தனத் தண்டுத் துணுக்கிலிருந்தே கன்றுகளை உண்டாக்கினார்கள்.

குழாயில் மண் கிடையாது. முராஷிகி, ஸ்கூக் என்ற இருவர் 1962-இல் புகையிலைத் திசுவுக்காக வகுத்த கலவைதான் உணவு. 1 லிட்டர் நீரில் உப்புச்சத்துகள், 30 கிராம் சர்க்கரை, உறைவதற்கு 8 கிராம் போல அகர். அகர்னா வேற ஒண்ணுமில்ல, நோன்புக் காலத்தில் நாம சாப்பிடுற கடல்பாசிதான்!

சர்க்கரை இருந்தால் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். அதனால் கலவையை 121 டிகிரி நீராவியில் வேகவைக்கணும். நான் உயிரியல் சாரிடம் கேட்டு, சர்க்கரையும் கடல்பாசியும் மட்டும் சேர்த்து வீட்டுக் குக்கரில் வைத்தேன். ஆறு பாட்டில். நாலாம் நாளே நாலில் வெள்ளைப் பூஞ்சை. விதை போடும்போது நான் தும்மியது காரணமோ என்னவோ! ஒன்று முளைக்கவே இல்லை. ஒன்றே ஒன்று பிழைத்தது.

பாட்டில் செடியின் இலையில் மெழுகுப் பூச்சு குறைவு, வெளிக்காற்று பட்டால் வாடிடும். அதனால் தொட்டியில் நட்டு பாலிதீன் பையால் மூடி, தினமும் கொஞ்ச நேரம் திறந்து பழக்கினேன். தேறிவிட்டது. மூன்று மாதம் கழித்து இலை மஞ்சளாச்சு. உரம் போட்டும் பயனில்லை.

அப்புறம்தான் சார் சொன்னார்: சந்தனம் பாதி ஒட்டுண்ணி. இலை பச்சைதான், ஆனால் வேர் பக்கத்துச் செடியின் வேரைக் கவ்வித்தான் நீரையும் சத்தையும் உறிஞ்சும். அதனால்தான் நாற்றங்காலில் அதே பையில் துவரையோ பொன்னாங்கண்ணியோ சேர்த்து வளர்க்கிறார்கள். நானோ தொட்டியில் தானா முளைத்த பொன்னாங்கண்ணியை, களைனு நினைத்து ரெண்டு தடவை பிடுங்கி எறிஞ்சிருக்கேன்!

போன வாரம் துவரை விதைத்தேன். முளைத்து இரண்டு இலை விட்டிருக்கு. சந்தனம் இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு. ஆய்வகம் கூட்டுறவங்க தயவுசெய்து அந்தத் துவரையைப் பிடுங்கிடாதீங்க.